ஒரு பட்டாணி அளவு

"வயசுக்கு வந்த பொண்ணுக்குப் பரு வராம பின்னே யாருக்கு வரும்? ஒரு கல்யாணம் ஆனா எல்லாம் தானாப் போயிடும்" என்றார் என் மாமியார். நானும் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். பெண் மட்டும் சிரிக்கவில்லை. அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

இது 2022-ஆம் வருஷம். அவள் ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் சிவப்புச் சிவப்பாகப் பருக்கள். சிலது சீழ் கோத்து நிற்கும். மூக்கைச் சுற்றிக் கரும்புள்ளி. கொரோனாவுக்காகக் கட்டிய முகக் கவசத்தை ஊரே கழற்றிப் போட்ட பிறகும் அவள் கழற்றவில்லை. வகுப்பில் குரூப் போட்டோ எடுத்த அன்று வயிற்று வலி என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். கண்ணாடியைப் பார்க்காமலே தலையைப் பின்னிக்கொண்டு போகக் கற்றுக்கொண்டிருந்தாள். எனக்கு அதெல்லாம் படிப்புக் கவலையாகத்தான் தோன்றியது.

கண் திறந்தது ஒரு ராத்திரி. தண்ணீர் குடிக்க எழுந்தவள், பாத்ரூம் கதவிடுக்கில் வெளிச்சம் தெரிகிறதே என்று பார்த்தேன். கன்னத்தை நகத்தால் அழுத்திப் பிதுக்கிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். வாஷ்பேசினில் ரத்தப் பொட்டு.

அதற்கப்புறம் நான் சும்மா இருப்பேனா? கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள், வேப்பிலை அரைப்பு என்று ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னாரென்று எலுமிச்சம் சாறு தடவினேன். "எரியுதும்மா, எரியுதும்மா" என்று அவள் குழாயடிக்கு ஓடினாள். பற்பசையைக்கூட விடவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் கடைத்தெரு மருந்துக் கடைக்குப் போய், "பருவுக்கு ஏதாவது நல்ல கிரீமாக் கொடுங்க தம்பி" என்றேன்.

"இது நல்லாப் போகுதுக்கா. பருவும் அமுங்கும், மூஞ்சியும் பளிச்சுனு ஆயிடும்" என்று ஒரு டியூப்பை எடுத்து வைத்தான் அந்தப் பையன். சீட்டு கேட்கவில்லை. நானும் டியூப்பைத் திருப்பிப் பார்க்கவில்லை.

இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதாமல் விட்டால் நான் சொல்ல வந்ததில் பாதி போய்விடும். பத்தே நாளில் பரு அமுங்கியது. முகம் சலவை செய்தாற்போல் வெளுத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு அந்த கிரீமின் பெயரைச் சொன்னேன். தீரத் தீர வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாதம் ஆனது. ஒரு நாள் தடவாவிட்டால் முகம் சிவந்து காந்தியது. வெயிலில் நின்றால் நெருப்புப் பட்டதுபோல் துடித்தாள். கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி நரம்புகள் ஓடின. பூனை முடி வளர்ந்தது. பிறகு பருவும் வந்தது, முன்னைப்போல் இரண்டு பங்கு.

தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனபோது அவர் முதலில் கேட்டது, "இதுவரைக்கும் என்ன போட்டீங்க?" என்பதுதான். டியூப்பை நீட்டினேன். கண்ணாடியை மேலே ஏற்றிப் பொடி எழுத்தைப் படித்தார். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன்.

"கடைசியா இருக்கு பாருங்க, மொமெட்டசோன், அது ஸ்டீராய்டு. வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கிடும். அதனால பத்து நாள்ல பரு போன மாதிரி இருக்கும். ஆனா தோல் மெலிஞ்சுக்கிட்டே வரும். விட்டா எரியும், விடாட்டா கெடும். இப்படி வர்ற முகங்க எனக்கு வாரத்துக்கு எத்தனை தெரியுமா?" என்றார். ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதென்று மத்திய அரசு 2018-லேயே விதியைத் திருத்தியிருக்கிறதாம். சட்டம் அதன்பாட்டுக்கு இருந்தது. நான் என்பாட்டுக்கு வாங்கியிருக்கிறேன்.

"நான்தான் டாக்டர் வாங்கிக் கொடுத்தேன்" என்று சொல்லும்போது என் தொண்டை அடைத்துக்கொண்டது. பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த கிரீமை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் கொஞ்ச நாள் முகம் கோபித்துக்கொள்ளும், பயப்படாதீர்கள் என்றும் சொல்லி வைத்தார். முதல் ஆறு வாரம் பருவுக்கென்று பூசுகிற மருந்தே கிடையாது. வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், வெயிலுக்கு சன்ஸ்கிரீன், உள்ளுக்குச் சில மாத்திரை, அவ்வளவுதான். அந்த ஆறு வாரத்தை நாங்கள் எப்படித் தள்ளினோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். தோல் கொஞ்சம் தேறிய பிறகுதான் ஒரு ஜெல்லை எழுதிக் கொடுத்தார். அடாப்பலீன் 0.1 சதவீதம், பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம். இரண்டும் ஒரே டியூப்பில்.

எனக்குத் 'திக்'கென்றது. மறுபடியும் கலப்பு மருந்தா? சூடு கண்ட பூனை இல்லையா நான்! வெட்கத்தை விட்டுக் கேட்டே விட்டேன்.

டாக்டரம்மா கோபிக்கவில்லை. சீட்டின் பின்பக்கத்தில் ஒரு மயிர்க்காலைப் படமாக வரைந்தார். தோலுக்கு அடியில் எண்ணெய் சுரக்கிற சுரப்பி இருக்கிறது. வயது வரும்போது ஹார்மோன் அதை அதிகம் சுரக்க வைக்கிறது. உதிர வேண்டிய செத்த தோல் உதிராமல் மயிர்க்காலின் வாயை அடைத்துக்கொள்கிறது. அடைபட்ட எண்ணெயில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற கிருமி பெருகுகிறது. அப்புறம் சிவப்பு, வீக்கம், சீழ். சமையலறைத் தொட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கி நாறுவதை நினைத்துக்கொண்டேன். அடாப்பலீன் அந்த அடைப்பு ஏற்படாமல் பார்த்துக்கொள்கிறது. பென்சாயில் பெராக்சைடு கிருமியைக் கொல்கிறது. ஒன்று குழாயைப் பார்க்கிறது, மற்றது தேங்கினதைப் பார்க்கிறது.

இன்னொன்றும் சொன்னார். கிளிண்டமைசின் போன்ற ஆண்டிபயாட்டிக் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் பூசினால், கிருமி அதற்குப் பழகிப்போய் மருந்து பலிக்காமல் போய்விடும். அதனால்தான் அதைக் கொடுக்கும்போதும் பென்சாயில் பெராக்சைடைச் சேர்த்து, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுப்பார்களாம். பென்சாயில் பெராக்சைடுக்குக் கிருமி அப்படிப் பழகுவதில்லை. சதவீதம் கூடினால் குணம் கூடும் என்பதும் இல்லை. 2.5 செய்கிற வேலையைத்தான் 10-உம் செய்கிறது. எரிச்சல் மட்டும் அதில் அதிகம். நான் கடையில் கேட்டிருந்தால் பத்தைத்தான் வாங்கியிருப்பேன்.

"இரண்டையும் தனித்தனியா வாங்கி நாமே கலந்துக்கலாமா?" என்றாள் பெண். எல்லா மருந்தும் எல்லாவற்றோடும் சேராது என்றார். உதாரணத்துக்கு, சாதாரண ட்ரெட்டினாயினைப் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துப் பூசினால் அது சிதைந்து பலனில்லாமல் போய்விடும். அடாப்பலீன் சிதையாது, அதனால்தான் அவை ஒரே டியூப்பில் குடியிருக்க முடிகிறது.

இனி நாங்கள் பூசின கதை.

முதல் மூன்று நாள் மோவாய்க்குக் கீழே ஒரு சின்ன இடத்தில் மட்டும் தடவிப் பார்க்கச் சொன்னார். கொஞ்சம் சிவந்தால், காய்ந்தால் பரவாயில்லை. வீங்கினாலோ, கொப்புளம் கட்டினாலோ, தாங்கமுடியாமல் அரித்தாலோ கழுவிவிட்டு அவரிடம் வரவேண்டும். மூச்சுத் திணறினாலோ தொண்டை இறுகினாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அபூர்வமாகத்தான் அப்படி ஆகுமாம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான்காம் நாள் ராத்திரி நாடகம் ஆரம்பித்தது. "ஒரு பட்டாணி அளவு, முகம் முழுக்கவும் சேர்த்து" என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "பட்டாணின்னா ஊற வெச்ச பட்டாணி இல்லை, காய்ஞ்ச பட்டாணி" என்றுகூடச் சிரித்தார். வீட்டுக்கு வந்து டியூப்பைப் பிதுக்கினால் எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு பெரிய முகத்துக்கு இத்துனூண்டு எப்படிப் போதும்? ஒவ்வொரு பருவின் மேலும் சந்தனப் பொட்டு வைக்கிற மாதிரி அப்பிவிட்டேன். "டாக்டர் இப்படிச் சொல்லலியேம்மா" என்றாள். "சும்மா இருடி, சீக்கிரம் போகட்டும்" என்றேன்.

மூன்றாம் நாள் முகம் உருளைக்கிழங்குத் தோல்போல் உரிந்தது. வாய் ஓரமும் மூக்கு மடிப்பும் வெடித்துப் புண்ணாகிவிட்டன. மறுபடியும் டாக்டரம்மா முன்னால் குற்றவாளியாக உட்கார்ந்தேன். "மருந்து நல்ல மருந்துதாம்மா. உங்க அவசரம்தான் பொல்லாதது" என்றார். அந்தப் புத்தி எனக்கு வேண்டியதுதான்.

நான்கு நாள் நிறுத்தி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆரம்பித்தோம். அதன் பிறகு டியூப் அவள் கைக்குப் போய்விட்டது. நான் தூர நின்று பார்ப்பதோடு சரி. ராத்திரி மென்மையான சோப்பால் கழுவுவாள், துண்டால் தேய்க்காமல் ஒற்றுவாள். ஈரத்தோடு பூசினால் எரிச்சல் கூடும் என்பதால் கால் மணி நேரம் காத்திருப்பாள். முதலில் லேசாக மாய்ஸ்சரைசர். பிறகு அந்தப் பட்டாணியை நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, மோவாய் என்று ஐந்து புள்ளியாக வைத்து மெல்லியதாகப் பரப்புவாள். பரு இருக்கிற இடத்தில் மட்டும் இல்லை, பரு வருகிற இடம் முழுக்கப் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே அடைபட்டுக்கொண்டிருக்கும் நாளைய பருவுக்கும் சேர்த்துத்தானே மருந்து! கண்ணோரம், உதடு, மூக்கு மடிப்பு, வெடிப்பு, புண் இவற்றை விட்டுவிடுவாள். கடைசியில் கையைக் கழுவுவாள். காலையில் முகம் கழுவி சன்ஸ்கிரீன். ஒரு மாதம் கழித்துத் தோல் பழகிப்போய் தினம் ராத்திரி பூச முடிந்தது.

கையைக் கழுவ மறந்த கதை ஒன்று உண்டு. என் அரக்குக் கலர் சின்னாளப்பட்டிப் புடவையின் முந்தானையில் ஒரு நாள் விரலைத் துடைத்துவிட்டாள். துவைத்த பிறகு பார்த்தால் ஐந்து விரல் பதிந்தாற்போல் வெளிறிய ஆரஞ்சுக் கறை. பென்சாயில் பெராக்சைடு சாயத்தை வெளுத்துவிடும், முடியில் பட்டால் முடியையும்! இது தெரிவதற்குள் நீலத் துண்டு ஒன்று, அரக்குக் கலரில் தலையணை உறை இரண்டு, அவள் அப்பாவின் பனியன் தவிர வீட்டில் உள்ள பாதித் துணி மாவுக்கோலம் போட்டுக்கொண்டுவிட்டது. பனியன் தப்பித்தது அது ஏற்கனவே வெள்ளை என்பதால். அதிலிருந்து அவளுக்கு வெள்ளை உறை, வெள்ளைத் துண்டு என்றாகிவிட்டது.

நான்காம் வாரம் பரு குறையவில்லை. கூடியிருந்தது! "காசையும் கொடுத்து இந்தக் கண்றாவியா?" என்றார் மாமியார். அவளும் டியூப்பைத் தூக்கி மேஜை மேல் போட்டுவிட்டு, "எனக்கு வேணாம். அந்தப் பழைய கிரீமே தேவலை" என்றாள். அந்த ஒரு வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. அலமாரியின் அடியில் அந்தப் பழைய டியூப்பில் மிச்சம் இருந்தது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அன்றைக்கே அதைக் கத்தரித்துக் குப்பையில் போட்டேன்.

முதல் சில வாரங்களில் இப்படிப் பொங்கிக் கிளம்புவது உண்டென்று டாக்டரம்மா முன்னமே சொல்லியிருந்தார். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது அவர் கணக்கு. அவள் பூசின ஒவ்வொரு நாளுக்கும் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து ஒரு கம்பியில் குத்தி வைத்தேன். எட்டாவது வாரம் நெற்றி சுத்தமானது. பத்தாவது வாரம் ஒரு நாள் ஸ்கூலுக்குப் புறப்படும்போது முகக் கவசத்தை மறந்துவிட்டுப் போய்விட்டாள். திரும்பி வந்து எடுத்துப் போகவும் இல்லை. நான் அதை எடுத்து மடித்து வைத்துவிட்டு, யாருமில்லாத சமையலறையில் கொஞ்சம் அழுதேன்.

அந்த நாட்களில் சில பழக்கங்களை விட்டோம். தலைக்கு எண்ணெய் வழிய வைத்து நெற்றியில் இறங்க விடுவது, நாருள்ள ஸ்க்ரப் போட்டு உரசுவது, ஆவி பிடித்துப் பிதுக்குவது. மருந்து பூசுகிற முகத்தில் வேக்ஸ் போட்டால் தோலே கூட வந்துவிடும் என்பதால் பியூட்டி பார்லருக்கும் தடை. சாப்பாட்டில் அவர் பெரிதாக எதையும் விலக்கச் சொல்லவில்லை. இனிப்பையும் குளிர்பானத்தையும் குறைக்கச் சொன்னார். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, மோவாயில் கனத்த முடி முளைக்கிறதா என்றும் கேட்டார். அப்படி இருந்தால் உள்ளுக்குள் ஹார்மோனைச் சோதிக்க வேண்டும், பூசுகிற மருந்து மட்டும் போதாதாம்.

இப்போது சொல்லப்போவதை இளம் தாய்மார்கள் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். அடுத்த வருஷம் என் நாத்தனார் வளைகாப்புக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம். அவளுக்கும் தாடையெல்லாம் பரு. "அண்ணி, இவ மூஞ்சி எப்படி மாறிடுச்சு! அந்த ஜெல்லை எனக்கும் கொஞ்சம் கொடுங்களேன், போட்டோ எடுப்பாங்க" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே போய் டியூப்பை எடுத்து வந்து நீட்டியே விட்டேன்.

"அம்மா!" என்று ஒரு சத்தம். பெண் ஓடி வந்து டியூப்பைப் பிடுங்கிக்கொண்டாள். "அத்தை, இது உங்களுக்கு ஆகாது. உள்ளே இருக்கிற தாளைப் படிக்கிறேன், கேளுங்க" என்று நாலாக மடித்த அந்தத் தாளைப் பிரித்தாள். அடாப்பலீன் வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தது. கர்ப்பிணிகள் அந்த வகை மருந்தைப் பூசக்கூடாது, கருத்தரிக்கத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லி நிறுத்திவிட வேண்டும். நான் எத்தனை தரம் அந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறேன்! அந்தத் தாளை ஒரு தரம் பிரித்ததில்லை. மருந்துக் கடைப் பையன் செய்ததற்கும் நான் செய்யப்போனதற்கும் என்ன வித்தியாசம் என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை. நாத்தனாரின் பிரசவ டாக்டர் பிறகு அவளுக்கு அஸெலாயிக் ஆசிட் என்ற வேறு கிரீமை எழுதிக் கொடுத்தார். கர்ப்பத்தில் அது பூசலாமாம். பால் கொடுக்கும்போதும் எதுவானாலும் கேட்டுவிட்டுத்தான் பூச வேண்டும், மார்பில் குழந்தையின் வாயும் முகமும் படுகிற இடத்தில் பூசவே கூடாது என்றும் சொன்னாராம்.

பென்சாயில் பெராக்சைடு சூட்டில் சிதைந்து பென்சீன் என்ற கெட்ட பொருளாகிறது என்று 2024-இல் அமெரிக்காவில் ஒரு பரபரப்புக் கிளம்பி, நம் ஊர்ப் போன்களுக்கும் வந்து சேர்ந்தது. நான் பதறிப்போய் டாக்டரம்மாவைக் கேட்டேன். அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 95 பொருள்களைச் சோதித்து 2025-இல் முடிவைச் சொன்னது. 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் பென்சீன் இல்லை அல்லது மிக மிகச் சொற்பம். ஒரு சிலதை மட்டும் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். ஆனாலும் டியூப்பை வெயில் படும் ஜன்னலிலோ, அடுப்புக்கு மேல் அலமாரியிலோ, ஸ்கூட்டர் பெட்டியிலோ வைக்காதீர்கள், தேதி முடிந்ததைத் தூக்கிப் போடுங்கள் என்றார். எங்கள் வீட்டில் அதற்கு இடம் பீரோவின் கீழ்த்தட்டு.

பரு போன இடமெல்லாம் கருந்தழும்பு விழுந்திருந்தது. நம் நிறத்துக்கு அது சீக்கிரம் விழும். சன்ஸ்கிரீன் விடாமல் பூசியதில் ஒரு வருஷத்தில் அநேகமாக மங்கிவிட்டது. இடது கன்னத்தில் இரண்டு பள்ளம் மட்டும் நிற்கிறது. அந்த ராத்திரி நகத்தால் பிதுக்கிய இடம். அதற்கு வேறு சிகிச்சை உண்டாம், அவள் வேண்டாம் என்றுவிட்டாள். அந்தச் சிவப்பு நூல் நரம்புகள் குளிர் நாளில் இன்னும் லேசாகத் தெரியும். அவை என் கணக்கு.

2024 ஜூனில் அவளைக் காலேஜ் ஹாஸ்டலில் சேர்க்க மூட்டை கட்டினோம். பரு பெரும்பாலும் நின்றிருந்தாலும் திரும்பாமல் இருக்க டாக்டரம்மா சொன்னபடி வாரத்தில் சில ராத்திரி பூசிக்கொண்டிருந்தாள். புதிதாக நாலு வெள்ளைத் தலையணை உறை வாங்கிப் பெட்டியில் வைத்தேன். அவள் அதில் இரண்டை எடுத்து வெளியே போட்டுவிட்டு, அந்தப் பழைய அரக்குக் கலர் உறையைத் தேடி எடுத்து வந்தாள்.

"இது எதுக்குடி, பார்க்கச் சகிக்கலையே?" என்றேன்.

"இதுல வெளுக்க இனிமே ஒண்ணும் பாக்கி இல்லம்மா" என்று மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.